சீல் வெட்டிய பெட்டி பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடந்த பத்து நாட்களாகக் கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்பே பெட்டியைத் திருப்பிச் சீலைப் பார்க்கிறார்கள். ஏன் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கணினிப் பாகங்கள் விற்கும் எங்கள் கடை பழைய மதர்போர்ட்டைப் புதியதென்று கொடுத்துவிட்டது என்று சொல்லிச் சுற்றும் அந்தக் குரல்பதிவு எனக்கும் வந்து சேர்ந்தது. உவர்மலையில் இருக்கும் என் மைத்துனருக்கு வந்தது, கிண்ணியாவில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவருக்கும் வந்தது. இருவருமே கவலையோடு எனக்கு அனுப்பிவைத்தார்கள். நான் அதை நான்கு முறை கேட்டேன்.

அதில் பேசுகிறவர் அறிமுகமில்லாத ஒருவர் அல்லர். இதற்கு முன் எங்களிடம் இரண்டு கணினிகள் வாங்கியவர். உயர்தரம் படிக்கும் மகனுக்காக மூன்றாவது கணினியின் பாகங்களை வாங்கிச் சென்றார். வீட்டில் பெட்டியைத் திறந்தபோது மதர்போர்ட்டின், அதாவது மற்றப் பாகங்கள் எல்லாம் பொருந்தும் பலகையின், சீல் வெட்டப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டிருந்தது என்கிறார். கணினியின் மூளையான புரொசசர் உட்காரும் சொக்கெட்டின் ஓரத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது என்கிறார். இரண்டும் உண்மை, அவர் கண்டதைத்தான் சொன்னார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. அது பழைய போர்ட் அல்ல, வேறொருவர் திருப்பித் தந்ததும் அல்ல. கொழும்பிலிருந்து வந்த புதிய பெட்டியை எங்கள் மேசையில் வைத்து நாங்கள்தான் திறந்தோம். எதற்காகத் திறந்தோம் என்பதை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பதினாறு ஆண்டுகளில் விலை அதிகம் என்ற பேச்சை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், பழையதைப் புதியதென்று கொடுத்தார்கள் என்ற பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் வாங்கிய புரொசசர் இன்டெல் ஐ3 14100. போர்ட் எச்610 சிப்செட் (போர்ட்டின் பாகங்களை இணைத்து நடத்தும் சிப்) கொண்டது. குறைந்த செலவில் வீட்டுக் கணினி கட்டுகிறவர்களுக்கு நாங்கள் பெரும்பாலும் கொடுப்பது இந்தப் போர்ட்தான். எச்610 சந்தைக்கு வந்தது 2022 தொடக்கத்தில், 12ஆம் தலைமுறை புரொசசர்களுக்காக. 14100 வந்தது 2024 ஜனவரியில். இரண்டுக்கும் சொக்கெட் ஒன்றுதான், எல்ஜிஏ 1700. கையில் எடுத்து வைத்தால் கச்சிதமாக உட்காரும். ஆனால் போர்ட் தொழிற்சாலையில் எப்போது பெட்டிக்குள் போனதோ, அன்றிருந்த பயோஸ்தான் அதற்குள் இருக்கும். மின்சாரம் கொடுத்ததும் போர்ட்டில் முதலில் கண் விழிப்பது அந்தச் சிறு நிரல். தான் பிறந்தபோது இல்லாத புரொசசரை அதற்கு அடையாளம் தெரியாது. விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். வாங்கியவர் போர்ட் பழுது என்றுதான் நினைப்பார். வேறென்ன நினைக்க முடியும்?

விலை கூடிய போர்ட்கள் பலவற்றில் புரொசசர் இல்லாமலே பென் டிரைவ் செருகி, ஒரு பொத்தானை அழுத்திப் பயோஸைப் புதுப்பிக்கும் வசதி உண்டு. மலிவான போர்ட்களில் பெரும்பாலும் அது கிடையாது. அதனால் கடையில் இதற்கென்றே, பழைய பயோஸுக்கும் தெரிந்த 12ஆம் தலைமுறைப் புரொசசரான ஐ3 12100 ஒன்றை வைத்திருக்கிறோம். பெட்டியைத் திறந்து அதைப் பொருத்தி, வெப்பத்தைக் கடத்தும் அந்தச் சாம்பல் நிறப் பசையைத் தடவி, குளிரூட்டும் கூலரை வைத்து, ஒரு ராம் (நினைவகம்) போட்டு இயக்கி, உற்பத்தி நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிய புதிய பயோஸை ஏற்றுகிறோம். பிறகு எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டிக்குள் வைக்கிறோம். ஏற்றும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் போர்ட் உயிரிழந்துவிடக்கூடும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் நின்றாலும் சற்று நேரம் தாங்கும் யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது என்று கற்றுக்கொண்டது அந்த நாட்களில்தான்.

இதைச் செய்யாமல் சீலோடு கொடுத்துவிடுவது எங்களுக்கு மிக எளிது. மூதூரிலிருந்து வந்தவர் பஸ் ஏறிப் போய், இரவு முழுக்கப் பொருத்திப் பார்த்து, மறுநாள் வேலைக்கு லீவு போட்டுத் திரும்பி வருவார். அப்படி ஒருவரை அலைய வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் பெட்டியைத் திறக்கிறோம்.

திறப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வகைச் சொக்கெட்டில் ஊசிகள் புரொசசரில் இல்லை, போர்ட்டில் இருக்கின்றன. மயிரிழை போன்றவை, விரல் பட்டாலே வளைந்துவிடும். ஒன்று வளைந்திருந்தாலும் இறக்குமதியாளர் உத்தரவாதத்தை ஏற்க மாட்டார். ஆகவே உங்கள் கண்முன்னே திறந்து, விளக்கு வெளிச்சத்தில் காட்டிவிட்டுக் கொடுப்பதுதான் எங்கள் வழமை. சொக்கெட்டின் மேல் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியையும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். உத்தரவாதத்துக்கு அனுப்பும்போது அது தேவைப்படும்.

குரல்பதிவில் பேசியவருடைய விடயத்தில் அந்த வழமை தவறிவிட்டது. காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவரைக் காக்க வைக்கக் கூடாது என்று முதல்நாள் மாலையே வேலையை முடித்து வைத்தோம். பசையைச் சரியாகத் துடைக்கவில்லை. பற்றுச்சீட்டில் எழுதவுமில்லை.

அதைவிட என்னை வருத்துவது பிறகு நடந்தது. அவர் போர்ட்டைத் திருப்பிக் கொண்டுவந்த நேரம் நான் கடையில் இல்லை. எட்டு ஆண்டுகள் எங்களோடு வேலை செய்த தொழில்நுட்பவியலாளர் மாசியில் கட்டாருக்குப் போய்விட்டார். அவருக்கு நல்ல சம்பளம் கிடைத்திருக்கிறது, நிறைந்த மனதோடுதான் வழியனுப்பினோம். இப்போது முகப்பில் நிற்கும் தம்பி புதியவர். அவருக்குத் தெரிந்தது சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல் மட்டும்: சீல் உடைந்த பொருட்கள் திருப்பி எடுக்கப்படமாட்டாது. அதையே சொல்லியிருக்கிறார். "நீங்களே உடைத்துவிட்டு என்னிடம் சொல்கிறீர்களா" என்று வாங்கியவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எங்கள் தம்பியிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. அன்று மாலையே அந்த அறிவித்தலைக் கிழித்துவிட்டேன். தம்பியின் மேல் யாரும் கோபப்பட வேண்டாம், சொல்லிக்கொடுக்காதது நான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பழைய போர்ட்டைப் புதியதென்று விற்பது வேறொரு தொழில். அது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை வாங்கி விற்கும்படி என்னிடமும் வருகிறார்கள். எச்61 என்ற சிப்செட் 2011இல் வந்தது, இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளுக்கு. இன்று அந்தப் பெயரில் பளபளப்பான புதுப் பெட்டியில் வரும் போர்ட்கள் பல, கழித்துவிட்ட பழைய போர்ட்களிலிருந்து பெயர்த்தெடுத்த சிப்செட்டைப் புதுப் பலகையில் ஒட்டிச் செய்தவை. அந்தப் பெட்டிகளில் சீல் அப்பழுக்கில்லாமல் இருக்கும். விலையோ எச்610ஐவிட மிகக் குறைவு. பெற்றோர் ஒருவர் கையிலிருக்கும் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு அதைக் கேட்கும்போது இல்லை என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை நின்று பார்த்தால்தான் தெரியும். ஆனாலும் நாங்கள் விற்பதில்லை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். எச்61 இரண்டிலும் தேறாது. அவ்வளவுதான் பணம் இருக்கிறது என்றால், அலுவலகங்களிலிருந்து கழிந்து வரும் 8ஆம் தலைமுறைக் கணினி ஒன்றைப் பழையது என்று சொல்லியே வாங்குங்கள். எங்களிடம் இல்லாவிட்டாலும் நல்லது எங்கே கிடைக்கும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்பவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். படிப்பு, அலுவலக வேலை, அளவான விளையாட்டு என்றால் எச்610 போதும். விலை கூடிய பி760 சிப்செட் போர்ட்டுக்குக் கூடுதலாகச் செலவழிக்கும் பணத்தை வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியில் போடுங்கள். ஆனால் எச்610இல் ஐ7 பொருத்தித் தரச் சொல்லாதீர்கள். ஐ7 12700 முழு வேகத்தில் 180 வாட் வரை இழுக்கும். மலிவான போர்ட்களில் புரொசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதிக்கு வெப்பத்தகடுகூட இருக்காது. அது சூடேறி வேகத்தைக் குறைக்கும், கொடுத்த பணம் வீண். ஐ3, ஐ5 12400 வரை கவலையில்லை. இன்டெல்லுக்குப் போட்டியான ஏஎம்டி நிறுவனத்தை விரும்புகிறவர்களுக்கு ஏ520 போர்ட்டும் ரைசன் 5 5600ஜி புரொசசரும் நல்ல சோடி. கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ஜி இல்லாத 5600க்குள் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி இல்லை. இன்டெல்லில் எஃப் என்று முடிபவையும் அப்படித்தான். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் அவற்றைப் பொருத்திவிட்டு, திரையை இணைக்கும் போர்ட்டின் எச்டிஎம்ஐ வாயில் வேலை செய்யவில்லை என்று வந்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

ராம் பற்றி அவசரமாக ஒரு வார்த்தை. 2025இன் பிற்பகுதியிலிருந்து உலகெங்கும் ராம் விலை ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கே நினைவகச் சிப்களின் பெரும்பகுதியை உற்பத்தியாளர்கள் திருப்பிவிட்டதுதான் காரணம். எச்610 போர்ட் டிடிஆர்4 வகை ராமுக்கும் வருகிறது, அதற்கடுத்த டிடிஆர்5 வகைக்கும் வருகிறது. ஒன்றின் ராம் மற்றதில் செருகாது. பழைய கணினியில் நல்ல டிடிஆர்4 ராம் இருந்தால் அதைக் கழற்றிக் கொண்டுவாருங்கள், அதற்கேற்ற போர்ட்டைத் தருகிறோம். எங்களுக்கு வியாபாரம் குறையும், பரவாயில்லை.

திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரமாக வீடு உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உப்புக்காற்று போர்ட்டின் வாயில்களையும் ராமின் தொடுமுனைகளையும் அரிக்கிறது. கேசிங்கின் பக்கத்தட்டைக் கழற்றி வைத்துவிட்டு விசிறிக் காற்றில் ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மாரி காலத்தில் பாவிக்காவிட்டாலும் சில நாட்களுக்கு ஒருமுறை சற்று நேரம் இயக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலின்போது மின்செருகியை மட்டுமல்ல, இணைய வயரையும் கழற்றுங்கள். துருவுக்கும் மின்னலுக்கும் இறக்குமதியாளர்கள் உத்தரவாதம் தருவதில்லை. எத்தனை பேருக்காக வாதாடித் தோற்றிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

விலை பற்றியும் பேச்சு இருக்கிறது. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அதே ஆண்டு மே வரை 8 சதவீதமாக இருந்த வற் (பெறுமதி சேர்) வரி 12, 15 என்று ஏறி, 2024 ஜனவரி முதலாம் திகதி 18 ஆனது. இவற்றையெல்லாம் நாங்கள் தீர்மானிப்பதில்லை. அடுத்த மாதத்திலிருந்து பொருத்துதலுக்கும் பயோஸ் புதுப்பித்தலுக்கும் சேர்த்து 2,000 ரூபாய் அறவிட வேண்டியிருக்கிறது, உத்தரவாதத்துக்காகக் கொழும்புக்கு அனுப்பும் பொதிச் செலவும் வாடிக்கையாளருடையதாகிறது.

இனித் திறக்கும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் திறந்த திகதி, காரணம், ஏற்றிய பயோஸின் இலக்கம் மூன்றையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தருவோம். பற்றுச்சீட்டிலும் அது இருக்கும். முடிந்தவரை நீங்கள் இருக்கும்போதே திறப்போம். நான் தனியாகவே இந்த வேலையைப் பார்ப்பதால் ஒருநாள் பொறுக்க வேண்டிவரலாம்.

2022இல் ஒரு பொருளும் இறக்குமதியாகாத மாதங்களில், புதிதாக வாங்க வழியில்லாவிட்டாலும் பழுதுபார்க்கும் வேலைகளைத் தேடித்தேடி எங்களிடம் கொண்டுவந்தீர்கள். தம்பலகாமத்து ஆசிரியை ஒருவர் தன் பாடசாலையின் கணினிகளை ஒவ்வொன்றாகப் பஸ்ஸில் ஏற்றி வந்ததை மறக்கவே முடியாது. மூதூர் நானா ஒருவர், "கடையை மூடிவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு வேண்டும்" என்று சொல்லி முற்பணம் தந்துவிட்டுப் போனார். இந்தக் குரல்பதிவு சுற்றத் தொடங்கிய பிறகும், என்ன நடந்தது என்று என்னிடமே வந்து கேட்டவர்கள் பலர். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

குரல்பதிவில் பேசிய ஐயாவுக்கு: இரண்டு முறை அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. உங்கள் பெயரில் ஒரு எச்610 போர்ட்டைச் சீலோடு ஒதுக்கி வைத்திருக்கிறேன். மகனையும் புரொசசரையும் கூட்டிவாருங்கள். முதலில் சீலை உங்கள் மகன் கையாலேயே வெட்டச் சொல்லிப் பழைய பயோஸோடு இயக்கிக் காட்டுகிறேன், பிறகு புதியதை ஏற்றுகிறேன். கூலி வேண்டாம். அதற்குப் பிறகும் மனம் ஒப்பாவிட்டால் முழுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு போகலாம். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, ஆனால் நீங்கள் வருவதாக இருந்தால் திறந்து வைத்திருப்பேன்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
திருகோணமலை