முதிய கைதிகளுக்கு உரிய கவனிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளம் வயதினரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட பல சிறைகளில் இன்று எழுபது வயதைக் கடந்தவர்களும் அடைபட்டிருக்கிறார்கள். மூட்டுவலியால் தரையில் அமர்ந்து எழ முடியாதவருக்கும், கைப்பிடி இல்லாத கழிப்பறைக்கு இரவில் தடுமாறிச் செல்பவருக்கும் நீதிமன்றம் விதிக்காத இன்னொரு தண்டனை அன்றாடம் கிடைக்கிறது. மறதிநோயின் தொடக்கத்தில் இருப்பவர் காவலரின் உத்தரவை மறந்தால், அது கீழ்ப்படியாமை என்று பதிவாகிவிடக்கூடும். இதுவே எனக்கு மிகக் கொடுமையாகப் படுகிறது. வெளியில் வாழ்வோருக்குக் கிடைக்கும் அதே தரமான மருத்துவம் கைதிகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று, கைதிகளை நடத்தும் முறை குறித்து 2015-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 24-ஆவது விதி கூறுகிறது. ஆகவே மறதிநோயின் அறிகுறிகளைக் காவலர்களுக்குக் கற்பிக்கவும், மரணத் தறுவாயில் இருப்போரின் விடுதலை மனுக்களை அவர்கள் உயிரோடிருக்கும்போதே முடிவு செய்யவும் அரசுகள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்