கிரகங்களைச் சொல்லிக்கொடுக்க தெர்மாகோல் வேண்டாம், மைதானம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி வருகிறது என்றாலே எங்கள் ஊர் ஃபேன்ஸி ஸ்டோர்களில் தெர்மாகோல் உருண்டைகளுக்குக் கிராக்கி வந்துவிடும். பெரிய மஞ்சள் உருண்டை ஒன்று, சின்னது எட்டு, கொஞ்சம் கம்பி, போஸ்டர் கலர், சனிக்கு வளையம் போட ஒரு பழைய சிடி. ராத்திரி பத்து மணி வரை அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்து ஒட்டிக் காயவைத்து, காலையில் பிள்ளை கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். கலர் நன்றாக இருந்தால் பரிசு. அந்தப் பிள்ளை இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டது என்று யாரும் கேட்பதில்லை. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வீட்டில் மாலை நேர டியூஷன் எடுக்கிறேன். நாலாவது முதல் எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்று நெப்டியூன் வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் ஒரு பந்தைக் கையில் கொடுத்து, இது பூமி என்றால் நிலா எவ்வளவு தள்ளி இருக்கும் என்று கேட்டால் பக்கத்திலேயே ஒரு சாண் தூரத்தில் காட்டுவார்கள். நடுவில் முப்பது பூமியை வரிசையாக அடுக்கலாம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை, சுவரில் தொங்குகிற சார்ட்டில் அவர்கள் பார்த்தது அதுதானே. எல்லாக் கிரகமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சம இடைவெளியில் நிற்கிறது, வியாழன் சூரியனில் பாதி இருக்கிறது. நிஜத்தில் சூரியனின் குறுக்களவில் வியாழன் பத்தில் ஒரு பங்குதான், பூமியோ 109-இல் ஒரு பங்கு. சரியான அளவில் வரைந்தால் சார்ட்டில் கிரகமே கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மைதான், அதனால்தான் அப்படி அச்சடிக்கிறார்கள். ஆனால் அதை ஒரு வார்த்தை பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாமா?

சரி, வேறு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்பவர்களுக்காக நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். ஒரு கால்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள், 22 சென்டிமீட்டர் குறுக்களவு. அதுதான் சூரியன். அந்தக் கணக்குப்படி பூமி 2 மில்லிமீட்டர், ஒரு கடுகு. வெள்ளியும் ஒரு கடுகு. புதனுக்குக் கசகசா, செவ்வாய்க்குப் பொடிக் கேழ்வரகு. வியாழனுக்கு ஒரு அரைநெல்லிக்காய், சனிக்கு கோலிக்குண்டு, யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் காய்ந்த பட்டாணி ஆளுக்கொன்று. எல்லாமே அடுப்படியில் இருக்கிற சாமான்தான். கடுகையும் கசகசாவையும் வெள்ளை அட்டையில் ஃபெவிகால் வைத்து ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மைதானத்தில் பூமி தொலைந்துபோகும், தேடி எடுக்க முடியாது.

பந்தை மைதானத்தின் ஒரு ஓரத்தில் வைத்துவிட்டு, கயிறு பிடித்து அளந்துகொண்டே போக வேண்டும். புதன் 9 மீட்டரில், வெள்ளி 17 மீட்டரில், பூமி சுமார் 24 மீட்டரில், செவ்வாய் 36 மீட்டரில். இதுவரை பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு வருவார்கள். அடுத்தது வியாழன், அது 123 மீட்டர், கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிடுவோம். சனி 226 மீட்டர். யுரேனஸ் 450 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, நெப்டியூன் 710 மீட்டர். அவ்வளவு தூரம் நடந்துபோய் ஒரு பட்டாணியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் கால்பந்து எங்கே என்றே தெரியாது. நெப்டியூனில் ஏன் மைனஸ் 200 டிகிரி குளிர் என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு சின்னப் பெண், ஆறாவது படிக்கிறாள், "அப்ப நடுவுல எல்லாம் என்னதான் மிஸ் இருக்கு?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்து வந்தாள். எந்த சார்ட்டும் அந்தக் கேள்வியைக் கேட்க வைக்காது.

இன்னும் இரண்டு விஷயம் அதே இடத்தில் காட்டலாம். பூமிக் கடுகிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளிப் பேனா முனையால் ஒரு புள்ளி வைத்தால் அது நிலா. மனிதர்கள் இதுவரை நேரில் போய் வந்தது ஏறக்குறைய அந்த 6 சென்டிமீட்டர்தான். அப்புறம் வெளிச்சத்தின் வேகம். சூரியனிலிருந்து கிளம்பும் ஒளி பூமிக்கு வர 8 நிமிடம் 20 வினாடி ஆகும் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அப்படியானால் நம் மைதானத்தில் வெளிச்சம் நிமிடத்துக்கு மூன்று மீட்டர்கூடப் போகாது. பந்திலிருந்து கடுகு வரை அந்த வேகத்தில் நடந்து பார் என்று விட்டால், குதிகாலோடு கட்டைவிரலை ஒட்டி ஒட்டி வைத்தும் வேகமாகத்தான் போய்விடுகிறார்கள். நெப்டியூன் வரை இப்படி நடக்க நாலு மணி நேரத்துக்கு மேல். அடுத்த நட்சத்திரம் எங்கே வைப்பது மிஸ் என்று கட்டாயம் ஒருவன் கேட்பான். இதே கணக்கில் அது 6,300 கிலோமீட்டருக்கு அப்பால், கிட்டத்தட்டச் சென்னையிலிருந்து டோக்கியோ தூரம்.

சார்ட்டில் இன்னொரு படம் என்னை ரொம்பவே கோபப்படுத்துகிறது. பூமி சூரியனைச் சுற்றும் பாதையை நீளமான முட்டை வடிவத்தில் வரைந்து வைத்திருப்பார்கள். அதைப் பார்க்கிற பிள்ளை, கிட்டே வந்தால் கோடை, தள்ளிப் போனால் குளிர் என்று தானாகவே முடிவு கட்டிக்கொள்கிறது. உண்மையில் பூமி சூரியனுக்கு மிகக் கிட்டே இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நாம் மார்கழிப் பனியில் போர்த்திக்கொண்டிருக்கும்போது. அப்போது 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி. வித்தியாசம் அவ்வளவுதான், பாதை கண்ணுக்கு வட்டமாகவே தெரியும். பருவம் மாறுவது பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால். பெரியவர்களுக்கே இது பிடிபடாததால்தான் "பூமி சூரியனை விட்டுத் தள்ளிப் போகிறது, குளிர் தாக்கும், கஷாயம் குடியுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி அடுத்த குரூப்புக்கு அனுப்புகிறோம். இதைக் காட்டவும் ஒரு கம்பம் போதும். ஏப்ரலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நிழலில்லா நாள் கன்னியாகுமரிப் பக்கம் 10-ஆம் தேதியை ஒட்டியும் சென்னையில் 24-ஆம் தேதியை ஒட்டியும் வருகிறது. அன்று நடுப்பகலில் கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். டிசம்பரில் அதே கம்பத்தின் நடுப்பகல் நிழலை அளந்து பார்த்தால் வேறு பாடமே தேவையில்லை.

மைதானத்தை விட்டால் அடுத்தது மொட்டை மாடி. புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்தையும் வெறும் கண்ணால் பார்க்கலாம். எட்டாவது முடித்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஒன்றையாவது, இதுதான் வியாழன் என்று தெரிந்து பார்த்திருக்கிறார்கள்? டெலஸ்கோப் இல்லை என்பார்கள். பறவை பார்க்கப் போகிறவர்கள் வைத்திருக்கும் சாதாரண பைனாகுலரே போதும், கை ஆடாமல் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டால் வியாழனுக்குப் பக்கத்தில் ஒரே கோட்டில் சின்னச் சின்னப் புள்ளிகளாக அதன் நிலாக்கள் தெரியும், சில நாள் நாலு, சில நாள் மூன்று. தெரிகிறபடியே நோட்டில் வரையச் சொல்ல வேண்டும். மறுநாள் வரைந்தால் படம் மாறியிருக்கும், ஏனென்றால் உள்ளே இருக்கும் அயோ என்ற நிலா 42 மணி நேரத்தில் ஒரு சுற்று வந்துவிடுகிறது. 1610 ஜனவரியில் கலிலியோ செய்ததும் இதேதான், தினமும் பார்த்தார், தினமும் வரைந்தார். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகிறது என்று அதுவரை சொல்லிவந்தது அந்தப் புள்ளிகளால் ஆட்டம் கண்டது. நம் பிள்ளையின் நோட்டிலும் அதே புள்ளிகள் இருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கிரகம் என்றதும் பிள்ளைகள் கேட்கிற ஒரு கேள்வியைப் பல இடங்களில் அதட்டி அடக்கிவிடுகிறார்கள். கோயிலில் ஒன்பது இருக்கிறது, புத்தகத்தில் எட்டுதான் இருக்கிறது, எது சரி? நல்ல கேள்வி அது. அதட்டவும் வேண்டாம், யாருடைய நம்பிக்கையையும் கிண்டல் செய்யவும் வேண்டாம், நேராகவே பதில் சொல்லலாம். அந்தக் காலத்தில் வானத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் மாறி நகர்ந்தவை எவையோ அவற்றைக் கணக்கில் எடுத்தார்கள். சூரியன், சந்திரன், கண்ணுக்குத் தெரியும் ஐந்து கிரகங்கள், ஆக ஏழு. ராகுவும் கேதுவும் சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு இடங்கள். அந்த இடங்களை ஒட்டி அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால்தான் கிரகணம். பூமி அந்தப் பட்டியலில் இல்லை, நாம் அதன் மேல் நின்றுதானே பார்க்கிறோம். யுரேனஸ் 1781-இல் டெலஸ்கோப்பில் அகப்பட்டது. நெப்டியூன் கதை இன்னும் அருமை, யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லையே என்று பார்த்து, அதை இழுக்கிற இன்னொன்று எங்கே இருக்கும் என்று லெ வெரியே என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர் தாளில் கணக்குப் போட்டுச் சொன்னார், 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் தேடினார்கள், சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் இருந்தது. கணக்கு எதற்கு மிஸ் என்று கேட்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சனிக்கு எத்தனை நிலா என்று ஒரு மார்க் கேள்வி கேட்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 2025 மார்ச்சில் ஒரேயடியாக 128 புதிய நிலாக்களைச் சேர்த்து 274 ஆக்கிவிட்டார்கள், இன்னும் கூடும். புளூட்டோவும் அப்படித்தான். 2006-இல் எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னால் பிள்ளைகளுக்கு அது அநியாயமாகப் படுகிறது. 1801-இல் கண்டுபிடித்த சீரிஸ் என்ற குட்டிக் கோளையும் பல வருடம் கிரகம் என்றே எழுதிவந்தார்கள், பக்கத்திலேயே அதே மாதிரி நிறையக் கிடைத்ததும் பட்டியலை மாற்றினார்கள், புளூட்டோவுக்கும் அதுவே நடந்தது என்று சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கிவிடுகிறது.

இதெல்லாம் எங்கேயோ வெளிநாட்டில் நடக்கிற சமாச்சாரம் என்ற எண்ணமும் பிள்ளைகளுக்கு வேண்டாம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி விட்டுவிட்டு மங்கியது, அதை வைத்துத்தான் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெரிந்தது. அமெரிக்க விஞ்ஞானிகள் அதை விமானத்தில் பறந்தபடி பார்த்தார்கள், அதே இரவில் ஜவ்வாது மலையில் நம் காவலூர் வானாய்வகத்திலும் அந்த மங்கல் பதிவானது. காவலூருக்கும் திருச்சி, சென்னை கோளரங்கங்களுக்கும் பள்ளிகள் டூர் போகலாம், தீம் பார்க்குக்கு ஆகும் செலவுகூட ஆகாது.

2019 டிசம்பர் 26 காலை எங்கள் மாவட்டத்தில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. கோவை, கரூர், திண்டுக்கல் வழியாகப் போன அந்த நெருப்பு வளையத்தைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எங்கள் தெருவிலோ பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். பாதுகாப்பான கிரகணக் கண்ணாடி போட்டு, பெரியவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு காட்டியிருக்கலாம். 2031 மே 21 அன்று தென் தமிழகத்தில் இன்னொன்று வருகிறது, அதற்காவது பள்ளிகள் முன்கூட்டியே கண்ணாடி வாங்கி வைக்கட்டும்.

கடைசியாக உங்கள் பத்திரிகையிடமே ஒரு வேண்டுகோள். தினமும் ராசிபலனுக்கு இடம் ஒதுக்குகிறீர்கள், பெட்ரோல் விலையும் தங்கம் விலையும் போடுகிறீர்கள். அதோடு வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை பேப்பரில் என்றால் லீவு நாளுக்கு வசதி, ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். இந்த வாரம் மாலை ஏழரை மணிக்கு எந்தக் கிரகம் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், நிலா எந்தக் கிரகத்துக்குப் பக்கத்தில் வருகிறது, இவ்வளவு போதும். நாலு வரிக்கு மேல் ஆகாது. அதை வெட்டி வகுப்பு போர்டில் ஒட்ட எத்தனையோ ஆசிரியர்கள் இருக்கிறார்கள், எங்கள் டியூஷன் சுவரிலும் முதல் வாரத்திலிருந்தே ஒட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியை,
ஒட்டன்சத்திரம்