கடுக்காய் போடாத காரை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் மீனாவும் நலமா? உங்கள் கடிதம் வந்து 18 நாள் ஆகிவிட்டது. தினமும் எழுத உட்கார்ந்து நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டேன், மன்னித்துவிடுங்கள்.

இங்கே இங்கிலாந்தில் சுவர்ப் பூச்சுக்குச் சுண்ணாம்பில் என்ன கலக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மணல்தான். உட்பூச்சுக்கு மட்டும் ஆட்டுமுடி போடுகிறோம், வெடிக்காமல் பிடித்துக்கொள்ளும். நாம் சேர்க்கும் கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி எதுவும் கிடையாது. நாம் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்போம் என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். கோழி வளர்ப்பவர், யாரிடமும் பேச மாட்டார். மறுநாள் வாசலில் ஒரு தட்டு முட்டை, கூடவே ஒரு சீட்டு: "சுவருக்கு." இப்போது வாரா வாரம் வைக்கிறார். நான் பொரித்துச் சாப்பிடுகிறேன் என்று சொல்ல மனம் வரவில்லை.

நான் வேலை செய்யும் பண்ணை வீடு, ஒரு கேளிக்கைப் பூங்காவின் எஸ்டேட்டுக்குள் இருக்கிறது. வெகு காலம் ஆளில்லாமல் கிடந்ததில் ஒரு பக்கம் கூரை இறங்கிவிட்டது. ஓக் உத்தரம் மட்டும் அசையவில்லை, நம் ஊர் பர்மா தேக்கு மாதிரி. பாதுகாக்கப்பட்ட கட்டிடங்களின் பட்டியலில் இரண்டாம் தர வரிசையில் இருக்கிறது. ஒரு ஜன்னலை மாற்றக்கூட நகராட்சியின் அனுமதி வேண்டும். முன்பு யாரோ செங்கல் இடுக்கெல்லாம் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். ஈரம் இடுக்கு வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாக வந்து, குளிரில் உறைந்து, செங்கல் முகமே உரிந்து விழுகிறது. "சுவர் மூச்சு விடணும்டா" என்று நீங்கள் சொன்னதை இங்கே கண்ணால் பார்க்கிறேன். அந்த சிமென்ட்டை உளியால் கொத்தி எடுப்பதுதான் இரண்டு மாதமாக என் வேலை.

5 டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்பு வேலை கூடாது, பூசியது இறுகுமுன் உறைந்து உதிர்ந்துவிடும். போர்வை போர்த்துவது போல் சுவருக்குச் சாக்கு கட்டி வைக்கிறோம். இந்த மாதம் குளிர் அதிகம் என்பதால் நிறைய நாள் லீவு, நல்ல ஓய்வு கிடைத்தது. பூங்காவும் குளிர்காலத்துக்கு மூடியிருக்கிறது. ராட்டினங்கள் எல்லாம் நிற்கின்றன, காற்றுச் சத்தம்தான்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆல்டன் டவர்ஸ் போயிருந்தேன். 1980இல் கேளிக்கைப் பூங்காவான இடம். எல்லோரும் ராட்டினத்துக்கு ஓட, நான் ஷ்ரூஸ்பரி பிரபுக்களின் பழைய மாளிகையில் நின்றேன். 1950களில் உள்ளே இருந்த மரத்தையும் ஈயத்தையும் கழற்றி விற்றுவிட்டார்களாம். பல அறைகளில் அண்ணாந்தால் வானம். நம் தெருப் பெரிய வீட்டில் தூணும் நிலையும் பெயர்த்து முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்த வானம்தான் ஞாபகம் வந்தது. அந்த வீட்டு முகப்பில் தாத்தா இழைத்த பூச்சில் முகம் பார்த்துத் தலை சீவியிருக்கிறேன் அப்பா.

போன வாரம் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டுத் தாளித்தோம். ஆவி எழுந்ததும் உங்கள் வேலைச் சட்டை வாசம். வேலையை விட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். கண்ணில் சுண்ணாம்பு பட்டதாக நினைத்து மேஸ்திரி தண்ணீர் கொண்டுவந்தார்.

சரி, வீட்டு விஷயம். மீனா கல்யாணச் செலவுக்காகச் சாந்து அரைக்கும் அம்மியைக் கடைக்காரர் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். இந்த மாதம் 15,000தான் அனுப்பியிருக்கிறேன், மார்ச்சில் சேர்த்து அனுப்புகிறேன். மண்டப முன்பணத்துக்குச் சித்தப்பாவிடம் கேளுங்கள், நானும் போனில் பேசுகிறேன். சீட்டை இப்போது தள்ளி எடுக்க வேண்டாம், கழிவு அதிகம் போகும். அம்மாவுக்குக் கண் பரிசோதனை என்னவாயிற்று? அதை எழுதவே இல்லையே. மாமாவின் நண்பர் பிப்ரவரியில் வருகிறாராம், அவரிடம் பருப்புப் பொடியும், கால் கிலோ கடுக்காயும் கொடுத்துவிடுங்கள். பின்கட்டில் ஒரு சின்னச் சுவருக்கு மாதிரிப் பூச்சு போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை நாள் ஊற வைக்க வேண்டும் என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
செல்வம்