சானடோரியம் சிஸ்டர்களுக்கும் கூட நின்றவர்களுக்கும்

அன்புடையீர்,

தாம்பரம் சானடோரியத்தின் எச்.ஐ.வி. வார்டுகளில் வேலை பார்த்த செவிலியர்களைப் பற்றிய எங்கள் ஆவணப்படம் ஒருவழியாக முடிந்து, சின்னச் சின்ன அரங்குகளில் திரையிடவும் தொடங்கிவிட்டோம். கடைசியில் நன்றிப் பட்டியல் ஓடும்போது, "என்னங்க, பாதிப் பேருக்குப் பேரே காணோம்?" என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னவர்களின் பெயரைப் போடவில்லை, அவ்வளவுதான். அவர்களுக்கு வீடு தேடிப் போய்ச் சொல்ல வேண்டிய நன்றியை இங்கே பொதுவில் சொல்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குப் புரியும்.

முதல் நன்றி, பணி ஓய்வு பெற்ற சிஸ்டர்களுக்கு. அதிலும் முதலில், எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்துவிட்டு, "தியாகம், தேவதைன்னு எதையாவது எழுதி வச்சிடாதீங்க தம்பி. போஸ்டிங் போட்டாங்க, போனோம்" என்று சொன்ன அம்மாவுக்கு. நாங்கள் போட்டு வைத்திருந்த திரைக்கதையில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது. சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் 1983 ஜூலையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்று 5பி என்ற தனி வார்டு திறந்ததையும், அங்கே தாங்களாக முன்வந்த செவிலியர்களை மட்டும் சேர்த்ததையும் அவரிடம் சொன்னோம். கவனமாகக் கேட்டார். "நல்லது. அங்க கேட்டு எடுத்திருக்காங்க. எங்களை யாரு கேட்டா?" என்றார். மாறுதல் வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகப் பேச அவர் விடவில்லை. "அவங்க வீட்ல என்ன பாடோ."

கேட்காமலே அனுப்பப்பட்டவர்கள் அந்த வார்டில் என்ன செய்தார்கள் என்பதுதான் இப்போது படம். எனக்கு அது விரும்பிப் போனவர்களின் கதையைவிடப் பெரியதாகத் தெரிகிறது.

சானடோரியத்தின் பழங்கதையைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த மருத்துவர்களுக்கு அடுத்த நன்றி. 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம் அது. பிறகு அரசு எடுத்துக்கொண்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே சென்னையில்தான், 1986-ல். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் மாணவியாக இருந்த டாக்டர் நிர்மலா எடுத்து வந்த ரத்த மாதிரிகள், டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதல், வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதனை. இதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. அந்த நோய் ஏன் ஒரு டி.பி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை மருத்துவர்கள் சொல்லித்தான் எங்களுக்குப் புரிந்தது. எச்.ஐ.வி.யால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களை நம் நாட்டில் முதலில் பிடிப்பது காசநோய். இருமலோடு தாம்பரம் வந்தவர்களில் எச்.ஐ.வி. இருந்தவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். 1993-லிருந்து அவர்களை அங்கே சேர்க்கத் தொடங்கினார்கள். மற்ற இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்களெல்லாம் மின்சார ரயிலில் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்க ஆரம்பித்தார்கள். ஆந்திராவிலிருந்தும் நிறையப் பேர் வந்தார்கள். வார்டில் தெலுங்கு கற்றுக்கொண்ட சிஸ்டர் ஒருவர் எங்களுக்கும் சில வரிகள் பேசிக் காட்டினார்: நொப்பி எக்கட? தின்னாவா? வலி எங்கே, சாப்பிட்டாயா. அந்தப் பகுதியைச் சரிபார்த்துக் கொடுத்த நெல்லூர்த் தோழிக்கும் நன்றி.

அப்போது கொடுக்க மருந்து இல்லை. வெளிநாட்டில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து வந்துவிட்டது. இங்கே வந்த கூலித் தொழிலாளிக்கும் லாரி டிரைவருக்கும் அதன் விலை எட்டாது. சித்த மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். டி.பி.க்கு, பேதிக்கு, காய்ச்சலுக்கு என்று வந்ததற்கெல்லாம் வைத்தியம் பார்த்தார்கள். மிச்சமெல்லாம் கைவேலை. வாய் முழுக்க வெள்ளை படிந்து எச்சில்கூட விழுங்க முடியாதவருக்கு, ஊதா மருந்தைத் தடவி, கஞ்சியை ஆற்றி, கரண்டி நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதற்கு முக்கால் மணி நேரம் ஆகுமாம். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் டிரிப்ஸ் தீர்ந்துவிடும். இரவுப் பணியில் எத்தனை பேரை இப்படிப் பார்க்க முடியும் என்று நாங்கள் கேட்டபோது அந்த சிஸ்டர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை வெட்டாமல் விட்டுவைத்த எங்கள் எடிட்டருக்கு நன்றி. நான் வெட்டச் சொன்னேன், அவன் கேட்கவில்லை.

ஊசி குத்திக்கொண்டதைப் பற்றிப் பேசச் சம்மதித்தவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தொற்றுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று. இன்று 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி, 28 நாள் சாப்பிட்டால் அதையும் பெருமளவு தடுத்துவிடலாம். அவருக்கு அது நடந்த காலத்தில் இதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு மீதி டூட்டியை முடித்தாராம். பரிசோதனை முடிவு நல்லபடியாக வரும்வரை வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. கணவருக்கு இந்தப் படம் பார்த்துத்தான் தெரியும். திரையிடல் முடிந்து அவர் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்து, "சாப்டீங்களா?" என்று கேட்டார். ஐயா, உங்களுக்கும் நன்றி.

2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கிய எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. மாத்திரை வந்துவிட்டது என்றால் கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம். மாத்திரை எண்ணுகிற வேலையை எங்களுக்கு நடித்தே காட்டிய ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்து) மைய சிஸ்டர் அந்த நினைப்பைத் தீர்த்து வைத்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, மாதத்துக்கு 60. அதில் மூன்றுக்கு மேல் தவறினால் மருந்துக்குக் கிருமி பழகிவிடும். அதனால் டப்பாவை மேசையில் கொட்டி மிச்சத்தை எண்ண வேண்டும். எண்ணிக்கை இடித்தால் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த மாதம் மிச்ச மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டுக் கணக்கோடு வந்து நிற்பார்கள். ஏன் தவறியது என்று பேச்சோடு பேச்சாகப் பிடுங்க வேண்டும். மாமியார் பார்த்துவிடுவாரோ என்று அரிசிப் பானையில் ஒளித்து வைத்தவர், வேலை செய்யும் இடத்தில் தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டவர், உள்ளங்கால் எரிச்சல் தாங்காமல் நிறுத்தியவர். அந்தக் காலத்து மருந்தில் ஸ்டாவுடின் இருந்தது. பாதத்தை எரிய வைக்கும், கன்னத்தை ஒட்ட வைக்கும். இப்போதைய மருந்து ஒரு நாளைக்கு ஒரே மாத்திரைதான், தொல்லையும் குறைவு. இந்த ஒரு காட்சியை மட்டுமே எட்டு நிமிடம் வைத்திருக்கிறோம். நீளம் என்று சொன்னவர்களுக்கும் நன்றி, குறைக்கப் போவதில்லை.

வார்டு ஆயாம்மாவுக்கு, சிஸ்டர்களைவிட ஒரு படி மேலாகவே. இறந்தவரை வாங்க ஆள் வராத நாட்களில் உடம்பைத் துடைத்து, கண்ணை மூடி, கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியவர் அவர். "ஊர்ல செய்யற முறைதானே" என்றார். தன் பேரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னவரும் அவர்தான். படத்தில் போட்டிருக்கிறோம். இங்கே போட்டால் அவர் பேத்தி கோபித்துக்கொள்வாள்.

எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் தங்கள் பக்கத்தைச் சொல்ல வந்தார்கள். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விழிப்புணர்வு விளம்பரத்தை ஊரே சுவரில் படித்துச் சிரித்த காலத்தில், அந்தச் சுவரைக் கடந்து மருந்து வாங்கப் போனவர்கள். அவர்களின் முகத்தைக் காட்டவில்லை, குரலையும் மாற்றியிருக்கிறோம். சம்மதம் இல்லாமல் ஒருவரின் நிலையை வெளியிடக் கூடாது என்று 2017-ல் வந்த சட்டமே சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதைத்தான் செய்திருப்போம். ஒரு தொலைக்காட்சி முகம் இருந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றது. பணம் தேவையாகத்தான் இருந்தது. கொடுக்கவில்லை. அந்தப் பணப் பற்றாக்குறையை ஈடுகட்டச் சம்பளத்தில் பிடித்துப் பிடித்து அனுப்பிய நண்பர்களுக்கும், ஒலிப்பதிவுக் கருவிக்கு வாடகை வாங்காத அண்ணனுக்கும் நன்றி.

முதல் திரையிடலுக்கு வந்த செவிலியர் கல்லூரி மாணவிகளே, நீங்கள் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கு எங்களிடம் பதில் இல்லை: "இப்ப அந்த சிஸ்டருக்கு உடம்பு சரியில்லன்னா யாரு பார்த்துக்குவாங்க சார்?" போய்க் கேட்டோம். "என் பொண்ணும் நர்ஸ்தான்" என்றார்.

படத்தைக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் திரையிடக் கட்டணம் எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஓடும். நல்ல ஸ்பீக்கராகப் பார்த்து வையுங்கள். சிஸ்டர்கள் பலர் மெதுவாகத்தான் பேசுகிறார்கள்.

நன்றியுடன்,
படக்குழுவினருக்காக