பிருத்வி எவ்வளவு தூரம் பாயும்? கலைக்களஞ்சிய ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையத் தமிழ்க் கலைக்களஞ்சியங்களில் ஊதியம் எதிர்பாராமல் எழுதியும் திருத்தியும் வரும் ஆசிரியர்களுக்கு, சேலத்திலிருந்து வணக்கம்.

ஏவுகணைக் கட்டுரைகளில் முக்கிய விவரங்களை வரிவரியாகச் சொல்லி ஓரமாக வரும் தகவற்பெட்டியைப் பற்றித்தான் இந்த மடல். எனக்கும் படைத்துறைக்கும் தொடர்பில்லை. ஜவ்வரிசியையும் ஸ்டார்ச்சையும் பரிசோதிக்கும் கூடத்தில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாலை நேரத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன்.

சென்ற மாதம் அவர்களில் ஒருத்தியின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'பிருத்வி, வீச்சு' என்பதற்கு எதிரே பேனாவால் 150 என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு 250. அதற்கு மேலே பென்சிலால் 350, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ரப்பர் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் தாள் மெலிந்துபோயிருந்தது. மூன்றையும் தமிழ்க் கட்டுரைகளில்தான் படித்தாளாம். எது சரி என்று கேட்டாள். மூன்றும் சரி என்று சொல்ல வேண்டியிருந்தது. பிருத்வி-1 ஆயிரம் கிலோ சுமையுடன் 150 கி.மீ. செல்லும். பிருத்வி-2 ஐந்நூறு கிலோவுடன் 250 கி.மீ. செல்லும்படி உருவானது, பிற்பாடு அதுவே 350 கி.மீ. வரை நீட்டிக்கப்பட்டது. எண்கள் பொய் சொல்லவில்லை. எந்த வகை, எவ்வளவு சுமை, எந்தக் காலத்து நிலவரம் என்ற துணைச் செய்திதான் பெட்டிக்குள் வரவே இல்லை.

எங்கள் கூடத்தில் சாம்பிள் சீட்டில் பாகுத்தன்மை என்று வெறும் எண்ணை எழுதிக் கொடுத்தால் சீட்டு அப்போதே திரும்பி வரும். எத்தனை சதவீதக் கரைசல், எந்த வெப்பநிலை என்று சொல்லாத எண்ணை வைத்து யாரும் விலை பேச மாட்டார்கள். ஒரு மூட்டை ஸ்டார்ச்சுக்கே இந்தக் கண்டிப்பு இருக்கும்போது, பல லட்சம் பிள்ளைகள் படிக்கும் கட்டுரைக்கு அது வேண்டாமா?

எனவே என் முதல் கோரிக்கை: வீச்சையும் சுமையையும் தனித்தனி வரிகளாகப் பிரிக்காதீர்கள். '500 கிலோ சுமையுடன் 250 கி.மீ.' என்று ஒரே வரியில், ஒன்றில்லாமல் மற்றொன்றை நிரப்ப முடியாதபடி பெட்டியை அமையுங்கள். இதில் ஒரு வரலாறும் அடங்கியிருக்கிறது. இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்து உருவாக்கி, 2001 ஜூன் 12 அன்று முதன்முதலாகச் சோதிக்கப்பட்ட பிரமோஸ் ஏவுகணையின் வீச்சு 290 கி.மீ. என்றே பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. அது ஏன் 290? ஐந்நூறு கிலோவை 300 கி.மீ.க்கு எடுத்துச் செல்லக்கூடிய ஏவுகணைகளின் கைமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு ஒன்று 1987 முதல் இருக்கிறது. இந்தியா 2016-இல் அதில் உறுப்பு நாடானது. அதன் பிறகு பிரமோஸின் வீச்சும் கூட்டப்பட்டது. ஆண்டும் சுமையும் இல்லாமல் 290 என்று மட்டும் போட்டால் இவ்வளவும் மறைந்துவிடுகிறது.

அடுத்து 'உயரம்' என்ற வரி. இப்போதைய குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. அக்னி-5 போன்ற தொலைதூர ஏவுகணைக்கு உயரம் என்றால், வளைந்து செல்லும் பாதையின் உச்சி. அது பல நூறு கி.மீ. இருக்கும். பிரமோஸுக்கு அது பறக்கும் மட்டம்; இலக்கை நெருங்கும்போது கடல் அலைகளுக்குச் சில மீட்டர் மேலே வந்துவிடும். ஆகாஷுக்கோ, எவ்வளவு உயரத்தில் பறக்கும் விமானத்தை வீழ்த்த முடியும் என்ற எல்லை. சுமார் 18 கி.மீ. மூன்றும் ஒரே தலைப்பின் கீழ் வந்தால், ஆகாஷைவிட அக்னி 'உயர்ந்தது' என்றுதானே பிள்ளை புரிந்துகொள்ளும்? 1983-இல் அப்துல் கலாம் தலைமையில் தொடங்கிய ஒரே திட்டத்தில்தான் பிருத்வி, அக்னி, ஆகாஷ், திரிசூல், நாக் ஐந்தும் பிறந்தன. அவற்றில் நாக், ஐம்பது கிலோவை எட்டாத பீரங்கி வண்டி எதிர்ப்பு ஏவுகணை. இவை அனைத்துக்கும் ஒரே சட்டை தைக்க முடியாது. பெட்டி ஒன்றாகவே இருக்கட்டும். 'வகை' என்ற முதல் வரியை நிரப்பியதும் அந்த வகைக்கு உரிய வரிகள் மட்டும் தோன்றட்டும்.

வேகத்தை மாக் எண்ணில் மட்டும், அதாவது ஒலியின் வேகத்தைப் போல் எத்தனை மடங்கு என்று மட்டும், தருவதும் போதாது. ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. மாக் 2.8 என்பது கடல் மட்டத்தில் மணிக்குச் சுமார் 3,400 கி.மீ.; பதினோரு கி.மீ. உயரத்துக் குளிரில் 3,000-க்கும் சற்றுக் குறைவு. காற்றே இல்லாத வெளியில் மாக் என்ற சொல்லுக்குப் பொருளே கிடையாது. வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எழுதிவிட்டு, மாக் எண்ணைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

துல்லியம் என்ற வரியில் '10 மீட்டர்' என்று பார்த்தால், எல்லாமே பத்து மீட்டருக்குள் விழும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த அளவு சொல்வது வேறு: ஏவியவற்றில் பாதி விழும் வட்டத்தின் ஆரம். 'பாதி விழும் வட்டத்தின் ஆரம்' என்றே தலைப்பு வைத்தால் என்ன? நீளமாக இருந்தாலும் பார்த்தவுடன் புரியும்.

'முதல் சோதனை' வரியிலும் கவனம் வேண்டும். 1989 மே 22 அன்று பாய்ந்தது அக்னியின் தொழில்நுட்பச் செயல்விளக்க வடிவம். அக்னி-1 என்ற பெயருடைய ஏவுகணை முதலில் சோதிக்கப்பட்டது 2002 ஜனவரி 25 அன்று. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் முதல் தேதி இரண்டாவதன் பெட்டிக்குள் போய்விடுகிறது.

சொற்களையும் ஒருமுறை உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். ஒரு கட்டுரையில் வீச்சு, இன்னொன்றில் தாக்கும் தொலைவு, வேறொன்றில் எல்லை. ஏவுகணை சுமந்து செல்லும் வெடிக்கும் பகுதிக்கு 'வெடிமுனை' ஓரிடம், 'போர்முனை' ஓரிடம். எனக்கு வீச்சும் வெடிமுனையும் பிடிக்கும். நீங்கள் வேறு சொற்களைத் தேர்ந்தாலும் சரி, எல்லாக் கட்டுரைகளிலும் அவையே வரட்டும்.

ஒரு வரி வெறுமையாக இருந்தால் அதற்குக் காரணம் தெரிய வேண்டும். 'பொருந்தாது' என்பது வேறு, 'வெளியிடப்படவில்லை' என்பது வேறு. ஊகத்தை எண்ணாக எழுதி நிரப்புவதைவிட இந்த இரண்டில் ஒன்றை எழுதுவது நேர்மை.

இன்னொன்று: இந்தப் பெட்டி பழைய காலத்துக்கும் பொருந்த வேண்டும். 1792 வரை எங்கள் சேலம் சீமை மைசூர் ஆட்சியில் இருந்தது. ஐதர் அலியும் திப்புவும் போரில் பயன்படுத்திய ராக்கெட்டுகள், இரும்புக் குழலில் வெடிமருந்தை அடைத்து நீண்ட மூங்கிலோடு கட்டப்பட்டவை. அவற்றுக்கு 'வழிகாட்டும் முறை' என்ற வரியில் என்ன எழுதுவது? மூங்கில் கழி என்றே எழுதலாம். நிலை தடுமாறாமல் பறக்க வைத்தது அதுதான். அந்தக் கட்டுரையையும் தாங்கும் பெட்டியாக இருந்தால் போதும் என்பேன்.

பிருத்வியிலிருந்து தொடங்குங்கள். மாதிரிப் பெட்டி ஒன்று தயாரானால் சொல்லுங்கள். எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, எந்த வரி புரியவில்லை என்று ஒவ்வொன்றாகக் குறித்து அனுப்புகிறேன். அந்த நோட்டுக்காரப் பெண் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறாள்.

அன்புடன்,
சேலத்து வாசகன்