பனி விலகிய பின் ஏரி நீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

பனியாறுகள் பின்வாங்குவதைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் கடல்மட்டத்தோடும் வெள்ளத்தோடும் நின்றுவிடுகின்றன. பனி விலகிய பள்ளங்களில் பிறக்கும் ஏரிகளின் நீர் பின்னர் என்னவாகிறது என்பதை எவரும் எழுதுவதில்லை. ஏரி மூப்படைய மூப்படைய அதில் சத்துகள் சேர்ந்து பாசி பெருகும் என்பதே பாடப்புத்தகங்கள் நமக்குக் கற்றுத்தந்த கணக்கு. அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடா இதற்கு நேர்மாறானது.

1794இல் ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் பார்த்தபோது அந்த விரிகுடாவை ஏறக்குறைய வாய்வரை பனி அடைத்திருந்தது. பின்னர் அது படிப்படியாகப் பின்வாங்கியதால், வெவ்வேறு வயதுள்ள ஏரிகள் இன்று ஒரே வட்டாரத்தில் கிடைக்கின்றன. அவற்றின் நீரை ஒப்பிட்ட ஆய்வு 2000ஆம் ஆண்டு 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியானது. அதன்படி, வயது கூடக்கூட நீரில் கரைந்துள்ள உப்புகள் குறைந்து, அமிலத்தன்மை ஏறி, கரிமப்பொருள் மிகுகிறது. நைட்ரஜன் மட்டும் இடையில் உயர்ந்து மீண்டும் இறங்குகிறது.

காரணம் கரையில் இருக்கிறது. வெற்று நிலத்தில் முளைக்கும் ஆல்டர் புதர், நம் அவரைக் குடும்பச் செடிகளைப் போலவே, வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. அதில் ஒரு பங்கு ஏரிக்கு வழிகிறது. ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸின் காடு ஆல்டரை மூடியதும் அந்த வரத்து குறைகிறது. மண்ணிலுள்ள சுண்ணாம்பு மழையில் அரித்துப்போக நீரில் அமிலத்தன்மை ஏறுகிறது; ஈர இலைமக்கு தடித்து, ஏரி நீர் தேயிலைச் சாயம்போல் பழுப்பேறுகிறது.

ஏரியின் வேதியியலை அதன் வயதைவிடக் கரையிலுள்ள மண்ணும் மரமுமே எழுதுகின்றன என்பதால், இமயமலையில் புதிதாகத் தோன்றும் ஏரிகளின் பரப்பளவோடு அவற்றின் நீர்த்தன்மையையும் ஆண்டுதோறும் பதிவு செய்யவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்