சேணத்தை வெளியே வைத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்கப் பயணக் கட்டுரையில், நவஹோ என்னும் அமெரிக்கப் பழங்குடியினரின் நிலத்தில் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்குப் புதுக் காப்பகம் கட்டுவதைப் பற்றி ஒரு வரி வந்திருந்தது. வீடும் ஆடும் பெண்ணுக்கே சொந்தமான சமூகத்தில் காப்பகம் எதற்கு என்று கேட்டிருக்கிறார் கட்டுரையாளர். அதற்குமேல் எனக்குக் கட்டுரையில் மனம் செல்லவில்லை. உங்கள் பார்வைக்கு வராமலா அந்த வரி அச்சேறியிருக்கும்?

நவஹோ நிலத்தின் எல்லையிலுள்ள கேலப் நகரில் 11 ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். ஒரு மழை இரவில் ஒரு பெண் வந்தாள். முழங்கால்வரை செம்மண் சேறு, இடுப்பில் பிள்ளை. வலது கையை மட்டும் விரிக்க மறுத்தாள். காயத்தைத் துடைக்க ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். உள்ளே வண்டிச் சாவி. அதன் பற்கள் உள்ளங்கையில் அப்படியே பதிந்திருந்தன. அன்றிரவு நாங்கள் விசாரித்த காப்பகம் எதிலும் இடமில்லை. விடிந்ததும் திரும்பிப் போய்விட்டாள். "ஆடுகளுக்குத் தண்ணீர் யார் கொண்டுவருவார்கள்?" என்றாள். அந்த ஆடுகள் அவளுடையவைதாம். வீடும் அவளுடையதுதான், ஐயா.

கணவனின் குதிரைச் சேணத்தை ஹோகன் என்னும் அவர்களுடைய மரபு வீட்டின் வாசலுக்கு வெளியே மனைவி வைத்தால் மணமுறிவு என்ற பழைய வழக்கத்தைக் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருக்கிறார். உண்மைதான். ஆனால் சேணத்தைக் கண்டதும் எடுத்துக்கொண்டு தன் தாய்வீட்டுக்குப் போகிறவனிடம்தான் அது செல்லும். கதவை உதைக்கிறவனிடம்? நவஹோ நிலம் சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. காவலரை அழைத்தால் வந்துசேர மணிக்கணக்காகும். வந்தாலும், அடித்தவன் பழங்குடியல்லாதவன் என்றால் பழங்குடி நீதிமன்றம் அவனைத் தண்டிக்க முடியாது என்று 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. குடும்ப வன்முறை வழக்குகளில் அந்தத் தடை ஓரளவு தளர்ந்தது 2013இல்தான். பழங்குடிப் பெண்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வாழ்நாளில் ஏதோவொரு வன்முறையை அனுபவித்தவர்கள் என்று அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு 2016இல் வெளிவந்தது. காப்பகம் எதற்கு என்பதற்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

கட்டுவதும் எளிதல்ல. அங்கே நிலத்தின் பெரும்பகுதி கூட்டாட்சி அரசின் பொறுப்பில் இருக்கிறது. விலை கொடுத்து மனை வாங்க முடியாது. மேய்ச்சல் உரிமை உள்ளவர்களின் சம்மதம், தொல்லியல் ஆய்வு, குத்தகை ஒப்புதல் என்று வரிசையாகக் காத்திருக்க வேண்டும். பிறகு தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் அந்த இடம்வரை வரவேண்டும். இத்தனையும் கடந்து எழும்பும் ஒரு கட்டடத்தைப் போகிற போக்கில் எதற்கு என்று கேட்பது எனக்கு வலிக்கிறது. சின்லி ஊரில் முன்பே உள்ள ஒரு காப்பகத்தின் பெயருக்கு அவர்கள் மொழியில் 'தாயும் பிள்ளைகளும் வாழும் வீடு' என்று பொருள். அந்தப் பெயரை வைத்தவர்கள் வெளியார் அல்லர்.

சொல்லத் தொடங்கியபின் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்குமுன் உங்கள் அட்டைப்படத்தில் நவஹோ பெரியவர் என்று இறகுக் கிரீடம் அணிந்தவரைப் போட்டீர்கள். அது சமவெளிப் பழங்குடிகளின் அணிகலன், நவஹோக்களுடையது அல்ல. அன்றே எழுதினேன், பதில் இல்லை. 'நவஜோ' என்று அச்சிடாதீர்கள் என்று எழுதியதற்கும் பதில் இல்லை. அவர்கள் தங்களைத் தினே என்று அழைத்துக்கொள்கிறார்கள். முப்பது ஆண்டுகளாகச் சந்தா கட்டும் வாசகியின் கடிதத்துக்கு இரண்டு வரி எழுத உங்களுக்கு நேரமில்லாமல் போனது.

அந்த வரி தவறு என்று அடுத்த இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிடுங்கள். 'நவஹோ' என்று சரியாக அச்சிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி,
நியூ மெக்ஸிகோ